மழையே இல்லாத தை மாதத்தில் விடிகாலையில் கரண்ட் ஏன் போகிறது?

கேட்டவர் தேவிபட்டினம் பக்கத்துக்காரர். மழையில்லை, காற்றில்லை, ஆனாலும் விடிய ஐந்து மணிக்குக் கரண்ட் போய், எட்டு மணிக்குமேல் வந்துவிடுகிறதாம்.

காக்கா, கருவேலங்கிளை என்று ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். கரையோர ஃபீடரில் (சப்ஸ்டேஷனிலிருந்து ஊர்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைன்) வேலை பார்த்தவன் நான். என் சந்தேகம் உப்பின்மேல்தான்.

கடல்காற்று நாள் முழுக்கப் பீங்கான் இன்சுலேட்டரில் (கம்பத்தில் கரண்ட் இறங்காமல் கம்பியைத் தாங்கும் பீங்கான்) உப்பைப் பூசிக்கொண்டே இருக்கும். காய்ந்த உப்பால் தொந்தரவில்லை. பனி இறங்கியதும் அது கரைந்து பீங்கான்மேல் ஈரத்தோலாகப் படர்கிறது. கம்பிக்குக் கம்பி 11,000 வோல்ட் உள்ள 11 கே.வி. லைனில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் நடுவே சுமார் 6,350 வோல்ட். அந்த ஈரத்தோல் வழியே கசிவு கூடிக்கூடி, கடைசியில் பீங்கானைத் தாண்டி கம்பத்தின் குறுக்கே உள்ள இரும்பு கிராஸ் ஆர்முக்குத் தீ தாவும். சப்ஸ்டேஷனில், தரைக்குப் போகும் கரண்டைக் கண்டுபிடிக்கும் எர்த் ஃபால்ட் ரிலே வேலை செய்து பிரேக்கர் டிரிப் ஆகிவிடும், அதாவது லைனைத் துண்டித்துவிடும். வெயில் ஏறிக் காய்ந்தால் லைன் மறுபடி டிரிப் ஆகாமல் நிற்கும். பெருமழை உப்பைக் கழுவிவிடும், அது நமக்கு நல்லது. தூறல்தான் சனியன்.

எங்களுக்கும் ஒருமுறை மூன்று நாள் இதே கதை. டிரிப் ஆனதும் லைனை நடுவில் பிரிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டு, அதுவரைக்கும் மறுபடி கரண்ட் கொடுத்தோம், டிரிப் ஆகாமல் நின்றது. கோளாறு அதற்கு அந்தப்பக்கம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் பத்து மணிக்கு லைனோடு நடந்தால் எல்லாக் கம்பமும் யோக்கியமாக நிற்கிறது! "அண்ணே, பகல்ல பாத்தா என்ன தெரியும்? இருட்டுல போவோம்" என்றான் கூட வந்த பையன். நாலாம் நாள் நாலரை மணிக்குப் போய், டார்ச்சை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தோம். உப்பளத்தை ஒட்டிய ஒரு கம்பத்தில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரிச் சத்தம். அண்ணாந்து பார்த்தால் பீங்கானைச் சுற்றி நீலமாக மினுங்குகிறது. லைன் கிளியர் (லைனில் கரண்டை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி ஏறிப் பார்த்தபோது கருகிய கோடு ஒன்று இருந்தது.

இன்னொன்று: நம் ஊர்க் காய்ந்த மணலில் கம்பி அறுந்து விழுந்தால் தரைக்குள் போகும் கரண்ட் மிகக் குறைவு. ரிலேவுக்குத் தெரியாமலே போகலாம். கீழே கிடக்கும் கம்பி செத்த கம்பி என்று நினைத்துக் கிட்டே போகாதீர்கள், ஆடுமாட்டையும் விடாதீர்கள்.

உப்பளத்தை ஒட்டிய அந்தக் கம்பத்தில் பாலிமர் இன்சுலேட்டர் மாட்டினோம். அதன் சிலிக்கான் ரப்பரில் தண்ணீர் தாமரை இலையில் போல உருண்டு நிற்கும், தோலாகப் படராது. பக்கத்துக் கம்பத்தில் பழைய பீங்கானையே விட்டுவைத்தோம். மறுவருடம் தையில் அது போனது.