குழாய் கேஸ் இணைப்பு: காசு கொடுக்கும் முன்

கேள்வி: எங்கள் தெருவில் குழாய் புதைத்த சமயத்தில் ஒருவர் வந்து, பதிவுக் கட்டணம் என்று ரூ.2,000-ஐத் தன் சொந்த ஜிபே எண்ணுக்கு வாங்கிக்கொண்டார். ரசீது இல்லை. இப்போது போனை எடுப்பதில்லை. (அம்பத்தூர்)

பதில்: வாசலில் பள்ளம் தோண்டிக் கிடக்கும்போது வந்து நிற்பவரை நிறுவனத்து ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உங்கள் மேல் தப்பில்லை. பரிவர்த்தனை எண்ணை எடுத்துக்கொண்டு இன்றே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். சென்னை, திருவள்ளூர் பகுதிக்கு உரிமம் பெற்றது டோரண்ட் கேஸ். அந்த ஆளின் எண்ணை அவர்களிடமும் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரராவது தப்பிப்பார். இனி பணம் கட்டினால் நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும். வைப்புத்தொகை என்றால், அது திரும்பக் கிடைக்கும் என்று ரசீதிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: இப்போதுள்ள சிலிண்டர் அடுப்பே போதுமா?

பதில்: பெரும்பாலும் போதும், ஆனால் ஜெட்டை, அதாவது பர்னருக்குள் கேஸை விடும் சிறு துளையுள்ள பாகத்தை, மாற்ற வேண்டும். குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதன் ஒரு கன மீட்டரில் கிடைக்கும் சூடு, சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. வாயுவில் அதே அளவுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அழுத்தமும் குறைவு: சிலிண்டர் அடுப்புக்குச் சுமார் 30 மில்லிபார், குழாய் கேஸுக்கு 21. அதனால் ஜெட்டின் துளை பெரிதாக வேண்டும். பழைய ஜெட்டையே டிரில் போட்டுப் பெரிதாக்கும் மெக்கானிக்கை அனுப்பிவிடுங்கள். துளை கோணினால் ஒரு பர்னர் சீறும், இன்னொன்று புகையும். மாற்றியபின் சுடர் நீலமாக, நிலையாக எரிய வேண்டும். நுனி மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை. சுடர் பர்னரை விட்டு எழும்பினால் காற்று அதிகம். மாற்றிய அடுப்பை மறுபடி சிலிண்டரில் மாட்டவே கூடாது. புதிதாக வாங்குவதானால் ஐ.எஸ். 17153 முத்திரை பாருங்கள், அது குழாய் கேஸ் அடுப்புக்கென்றே உள்ள தரம். ட்யூபையும் நல்ல கடையில் வாங்குங்கள். முத்திரை அச்சடித்த மலிவு ட்யூப் ஒன்றுக்கு நானும் காசை விட்டிருக்கிறேன், சீக்கிரமே வெடிப்பு விட்டது.

கேள்வி: சிலிண்டரை எப்போது திருப்பிக் கொடுப்பது?

பதில்: குழாயில் கேஸ் வந்து அடுப்பு எரிந்த பிறகு. அதற்கு முன் வேண்டாம். சிலிண்டர் இணைப்பை ஒப்படைத்ததற்கான சீட்டான டெர்மினேஷன் வவுச்சரைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: மீட்டரும் குழாயும் அசிங்கமாக இருந்ததால் மாடுலர் கிச்சன் அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டோம். இப்போது நிறுவனத்தார் ஆட்சேபிக்கிறார்கள்.

பதில்: ஆட்சேபிக்கத்தான் செய்வார்கள். குழாய் கேஸில் பெரும்பகுதியான மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே ஏறும். மூடிய அலமாரிக்குள் கசிந்தால் அங்கேயே சேரும். கலந்திருக்கும் வாசனைப் பொருள் உங்கள் மூக்குக்கு எட்டுவதற்குள் வெகுவாகச் சேர்ந்திருக்கும். அவசரத்துக்கு வால்வை மூடக் கைக்கு எட்டவும் வேண்டும். அலமாரிக் கதவைக் கழற்றுங்கள். பலகை அடிக்கும் முன் கேட்டிருந்தால் இந்தச் செலவே இல்லை.

கேள்வி: வேலைக்கு வந்தவர்கள் “கூடுதல் குழாய்” என்று ரூ.3,500 ரொக்கமாக வாங்கினார்கள். எவ்வளவு கூடுதல் என்று சொல்லவில்லை. கேட்டால், கேஸ் விடமாட்டோம் என்றார்கள். (தாம்பரம்)

பதில்: எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான், படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, சுவரில் பாதி துளை போட்டபின் விலை சொல்கிறார்கள். இலவசமாக எத்தனை மீட்டர் குழாய், அதற்குமேல் மீட்டருக்கு எவ்வளவு என்பதெல்லாம் விண்ணப்பத்தோடு வரும் நிபந்தனைகளில் இருக்கும். வாங்கிப் படியுங்கள். துளை போடும் முன் டேப் வைத்து, மாடி ஏறும் பெரிய குழாயிலிருந்து பிரியும் இடம் முதல் அடுப்பு வரை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவு, வளைவுகளின் எண்ணிக்கை, துளையைப் பூசி அடைப்பது யார் என்பது எல்லாம் வேலைச் சீட்டில் ஏற வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கேஸ் விடுமுன் குழாயில் காற்றை நிரப்பி அழுத்தம் காட்டும் அளவியை மாட்டுவார்கள். அடைத்தபின் முள் இறங்கக் கூடாது. மரை மூட்டுகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று நின்று பாருங்கள். மீட்டர் எண்ணையும் ஆரம்ப ரீடிங்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரீடிங் எடுக்கும்போது கறுப்பு இலக்கங்கள்தான் கணக்கு. சிவப்பு இலக்கங்கள் தசம பின்னம். அதையும் சேர்த்து எழுதியதால் ஆயிரம் மடங்கு பில் வருவதுண்டு.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: குழாயை அளந்து, படத்தோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ரசீது கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரூ.5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: “பில் பாக்கி, இன்றிரவு கேஸ் நிறுத்தப்படும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செயலி அனுப்பியிருக்கிறார்கள்.

பதில்: மோசடி. தொடாதீர்கள்.

கேள்வி: சிலிண்டரைவிட உண்மையில் மலிவா?

பதில்: 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் சூட்டுக்கு ஏறக்குறைய 17 முதல் 18 கன மீட்டர் குழாய் கேஸ் வேண்டும். உங்கள் பில்லில் உள்ள கன மீட்டர் விலையை 18-ஆல் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். குறைந்தபட்சக் கட்டணம் உண்டா என்றும் பாருங்கள். மாதம் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அதுவே கணக்கை மாற்றிவிடும்.