ஆபரேஷனுக்குப் பின் ரத்தக்கட்டி: கேட்டதும் சொன்னதும்

(மொரீஷியஸில் அறுவை சிகிச்சை வார்டில் இருந்து ஓய்வுபெற்ற சிஸ்டரிடம் நம்மவர்கள் கேட்டவை.)

அக்கா, அம்மாவுக்குச் சென்னையில் இடுப்பு மூட்டு மாற்றி ரோஸ் ஹில் வந்துட்டோம். நல்லா நடக்கிறாங்க. ரத்தம் உறையாம இருக்க வயிற்றில் போடுற எனாக்ஸபாரின் ஊசியை நிறுத்தலாமா?

நிறுத்தாதீங்க தம்பி. இங்கேதான் பலர் ஏமாந்து போறாங்க. காயத்தை ஆற்ற ரத்தம் தானே உறையத் தயாராகிடும். படுத்தே கிடந்ததில் கால் ரத்தக்குழாயில் ஓட்டமும் மந்தம். தையல் பிரிச்சதும் இது சரியாகிடாது. வீடு வந்த பிறகும் ரத்தக்கட்டி உருவாகலாம். அதனால்தான் இடுப்பு மூட்டுக்கு 35 நாள் வரைகூட மருந்து தருவாங்க. முழங்காலுக்குப் பொதுவா இரண்டு வாரம். சீட்டில் சர்ஜன் எழுதின தேதிதான் கணக்கு. நடக்கிறது நல்லது, ஆனா அது மட்டும் போதாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலிக்குது. நல்லெண்ணெய் தேய்ச்சு நீவலாமா?

கூடவே கூடாது! உள்ளே ரத்தக்கட்டி இருந்தா, நீவும்போது பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிடலாம். இன்னைக்கே ஆஸ்பத்திரியில் டாப்ளர் ஸ்கேன் (காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற ஸ்கேன்) கேளுங்க. திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு குத்துது, இருமினா ரத்தம் வருதுன்னா ஸ்கேனுக்குக் காத்திருக்காம 114 போட்டு இங்கத்த அவசர ஆம்புலன்ஸ் சேவையான சாமுவைக் கூப்பிடுங்க. பாட்டி வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை, இந்த ஒரு விஷயத்தைத் தவிர.

நாங்க சுத்த சைவம், அப்பா காவடி விரதக்காரர். அந்த ஊசி பன்றியிலிருந்து வருதாமே?

உண்மைதான். ரத்தம் உறையாம தடுக்கிற ஹெப்பாரினும் எனாக்ஸபாரினும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிற பொருள்தான். ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அதே வேலை செய்யுற ரிவரோக்ஸபான் மாத்திரை, ஃபோண்டாபாரினக்ஸ் ஊசி ரெண்டும் செயற்கையா தயாரிக்கிறவை. சிறுநீரகம் எப்படி இருக்குன்னு பார்த்துத்தான் தருவாங்க. சொல்ல வெட்கப்பட்டு வீட்டுக்கு வந்து ஊசியைக் குப்பையில் போடுறது மட்டும் வேண்டாம்.

முழங்கால் ஆபரேஷன் முடிஞ்ச அடுத்த வாரமே சென்னையிலிருந்து விமானம் ஏறலாமா?

சர்ஜன் சரின்னு சொல்லாம டிக்கெட் போடாதீங்க. 4 மணி நேரத்துக்கு மேல் மடக்கி உட்கார்றது நல்ல காலுக்கே ஆகாது. அனுமதிச்சா, ஓரத்து இருக்கை வாங்குங்க, தண்ணி குடிங்க, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கிட்டே இருங்க. காலை இறுக்கிப் பிடிக்கிற, அளவெடுத்த காலுறை வேணுமான்னும் கேளுங்க.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறேன். முருங்கைக்கீரையை விடணுமா?

விட வேண்டாம். வாராவாரம் ஒரே அளவா சாப்பிடுங்க. திடீர்னு கூட்டினாலோ குறைச்சாலோதான் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற பரிசோதனை அளவு) தாறுமாறாகும்.