பித்தளை எஞ்சினில் பிரைமர் உரிவது ஏன்?

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறேன். பித்தளைத் தகட்டில் நானே சால்டர் செய்த நீராவி ரயில் எஞ்சின் மாடல் இது. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தேன். இரண்டே வாரத்தில் மூலைகளில் பச்சை பூத்துவிட்டது. நகம் பட்டாலே தோல் மாதிரி உரிகிறது. எங்கே தவறு?

பதில்: 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ஊரிலிருந்து நீராவி எஞ்சின்! கேட்கவே சந்தோஷம்.

உரிவதற்குக் காரணம் ரெட் ஆக்சைடு. அது கேட், கிரில் மாதிரி இரும்புக்கானது. வழவழப்பான பித்தளையைப் பிடிக்காது. பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் சால்டர் செய்தபோது இடுக்கில் தங்கிய ஃபிளக்ஸ், அதாவது சால்டர் ஒட்டுவதற்காகத் தடவும் பொருள். பல ஃபிளக்ஸ்கள் ஈரத்தை இழுத்து, பெயிண்டுக்கு அடியிலேயே பித்தளையை அரிக்கும்.

பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிவிட்டு, தின்னரால் பழைய பிரைமரை முழுக்க எடுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும். சால்டர் மூட்டு ஒவ்வொன்றையும் தேயுங்கள், ஒரு தடவை போதாது. புளி போட்டது தப்பில்லை, கறுப்பு போய்விடும். ஆனால் அதன் புளிப்பும் மிச்சமில்லாமல் கழுவப்பட வேண்டும். பளபளப்பும் வேண்டாம்: 600 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து, மங்கலாகும் வரை லேசாகத் தேயுங்கள். ரிவெட் புள்ளிகள் (ஆணித்தலை மாதிரிப் புடைப்புகள்) மேல் மட்டும் கை அழுந்தக் கூடாது.

நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதனால் கடைசி அலசலுக்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஊற்றும்போது தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, மறுபடி சோப்பு. இதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள்.

வாகனப் பெயிண்ட் கடையில் எட்ச் பிரைமர் என்று கேளுங்கள். அதிலுள்ள அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அச்சுத் துளைகளையும் மாடல் ஓட தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இடங்கள் இருந்தால் அவற்றையும் டேப்பால் மூடிவிட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு தடவை அடியுங்கள். ரிவெட்டெல்லாம் மறையும்படி அப்ப வேண்டாம். மேல் பெயிண்ட் எப்போது என்பதற்கு டப்பாவில் போட்டிருக்கும் நேரம்தான் கணக்கு. மாஸ்க், திறந்த ஜன்னல் இரண்டும் கட்டாயம்.

இனி நேரம். பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு டிசம்பர் சாயங்காலம் நான் அடித்த பிரைமர், பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போனது. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும். காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனியாகப் படியும். நீங்கள் கடலுக்கு இன்னும் பக்கம். வெயில் ஏறியபின், பகல் கடற்காற்று தொடங்கும் முன், பத்து பதினொன்று மணிவாக்கில் அடியுங்கள். மழை நாளென்றால் தள்ளிப்போடுங்கள். ஆனால் கழுவிய அன்றைக்கே அடித்தாக வேண்டும், ஆகவே காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு சோப்பை எடுங்கள்.