சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்வரும் குடும்பக் கப்பல் பயணம்: யாருக்கு எந்த ஆவணம்?

கேள்வி இது: காரைக்குடியிலிருந்து எட்டுப் பேர். ஐயாவுக்கு 80, அப்பத்தாவுக்கு 74. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். மூத்தவருக்கு 9 வயதில் ஒரு பிள்ளை. அமெரிக்காவில் இருக்கும் இளையவருக்கு அங்கேயே பிறந்த 4 வயதுப் பிள்ளை. திருச்சியில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் கப்பல் பிடித்து, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு நான்கு இரவில் சிங்கப்பூருக்கே திரும்ப வேண்டும். ஆதார் போதுமா, யார் யாருக்கு விசா, பிள்ளைகளுக்குத் தனியாக என்ன வேண்டும்?

ஆதார் போதாது. மும்பையிலிருந்து கோவா, கொச்சி என்று இந்தியத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றும் கப்பலுக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் எதுவும் செல்லும். அங்கும் பான் அட்டையை நம்பிப் போகாதீர்கள். அதில் முகவரி கிடையாது. லட்சத்தீவில் நிற்கும் கப்பல் என்றால் இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். நீங்கள் சொல்வது வெளிநாட்டுப் பயணம், ஆகையால் கைக்குழந்தை உட்பட ஆளுக்கொரு பாஸ்போர்ட். அமெரிக்காவிலிருந்து கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பல்களில் பிறப்புச் சான்றிதழ் போதும் என்று யூடியூபில் சொல்வது அமெரிக்கக் குடிமக்களுக்கான சலுகை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் ஆசியக் கப்பலுக்கும் அது பொருந்தாது.

பாஸ்போர்ட் கையில் இருக்கிறது என்பதோடு விட்டுவிட வேண்டாம். பயணம் முடியும் நாளிலிருந்து இன்னும் 6 மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 10 ஆண்டு என்பதால் அது நினைவில் நிற்கும். பிள்ளைகளுக்கு 5 ஆண்டுதான். 4 வயதில் எடுத்தது 9 வயதில் முடிந்துவிடும், அதில் கடைசி 6 மாதத்தை எண்ணவே கூடாது. உங்கள் 9 வயதுப் பிள்ளையின் பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். குடும்பத்தில் ஒரு ஆளின் பயணம் நின்று போவது பெரும்பாலும் இப்படித்தான்.

புதுப்பிக்க 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், சிறுவருக்கு 1,000. தட்கல் என்றால் மேலும் 2,000. சிறுவருக்குத் தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு டி என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும். ஒருவர் கையெழுத்துக் கிடைக்காத நிலையில் இணைப்பு சி. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறந்த உடனே வாங்கிய சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும், பலர் அதை அப்படியே பீரோவில் வைத்திருப்பார்கள். பெயர் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்கிய பிறகே விண்ணப்பம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழும், திருமயம், பொன்னமராவதிப் பக்கம் திருச்சியின் கீழும் வரும். எந்த ஊர் மையத்தில் வேண்டுமானாலும் இப்போது விண்ணப்பிக்கலாம். ஆனால் போலீஸ் விசாரணை நீங்கள் எழுதிய முகவரிக்குத்தான் போகும். நம் பகுதியில் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். குடும்பம் சென்னையில் இருக்கும். ஆதாரில் ஊரிலுள்ள பெரிய வீட்டு முகவரி இருக்கும். வீடு கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் மட்டும் திறக்கும். விசாரிக்க வருபவரிடம் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ‘அவங்க இங்க இல்லைங்க’ என்று உண்மையைச் சொல்லிவிடுவார். விண்ணப்பதாரர் அந்த முகவரியில் இல்லை என்று அறிக்கை போய்விடும், பாஸ்போர்ட் நின்றுவிடும். தற்போதைய முகவரி என்று கேட்கும் இடத்தில் இப்போது உண்மையாகக் குடியிருக்கும் முகவரியை எழுதி, அதற்குரிய ஆவணத்தை வையுங்கள்.

அடுத்தது பெயர். செட்டிநாட்டில் பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல் வரிசையான விலாசம் இரண்டெழுத்தும் இருக்கும், ஏழெட்டு எழுத்தும் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாக விட மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். இதனால் ஒரே ஆளுக்கு வங்கியில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்று நிற்கும். கப்பல் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டில் இருப்பதே பெயர். படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி, வரிக்கு 44 எழுத்து. இயந்திரம் படிப்பது அதைத்தான். விமானச் சீட்டு, கப்பல் பதிவு, விசா விண்ணப்பம் மூன்றிலும் அந்த வரியில் உள்ளபடியே எழுத்துக்கெழுத்து எழுதுங்கள். மருமகளின் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் இருந்து, ஆதாரில் கணவர் பெயர் இருந்தாலும் பரவாயில்லை. பதியும்போது ஆதாரைப் பார்த்து எழுதினால்தான் வம்பு.

குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெரியவர்கள் நிறைய. கப்பல் நிறுவனத்தின் படிவம் இரண்டு பெயர் இல்லாமல் நகராது. நீங்களாக விலாசத்தை விரித்து ஒரு குடும்பப் பெயரை உண்டாக்கி நிரப்பாதீர்கள். ஒற்றைப் பெயரை எந்தக் கட்டத்தில் எப்படிப் போட வேண்டும் என்று நிறுவனத்திடமும் விமான நிறுவனத்திடமும் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் பெயரைப் பிரித்துப் பாஸ்போர்ட்டையே மறுபடி எடுப்பது நிரந்தரத் தீர்வு. பிள்ளை கூட்டி வந்த, அதாவது தத்தெடுத்த, குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழில் ஒரு தந்தை பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு தந்தை பெயரும் இருக்கும்; பதிவு செய்த தத்துப் பத்திரத்தின் நகலையும் உடன் வையுங்கள்.

இனி விசா. நாடுகளை எண்ணினால் கணக்குத் தப்பும், ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் எத்தனை முறை நுழைகிறோம் என்று எண்ண வேண்டும். விமானத்தில் சிங்கப்பூர் இறங்குவது முதல் நுழைவு. கப்பல் ஏறும்போது சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகப் பதிவாகும். நான்கு இரவு கழித்துக் கப்பலிலிருந்து இறங்குவது இரண்டாவது நுழைவு. ஆகவே பலமுறை நுழைவு விசா இருந்தால்தான் இந்தப் பயணமே நடக்கும். ஒருமுறை விசாவோடு போனால் கப்பல் ஏறும் முன்பே நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் திரும்பி இறக்க முடியாத பயணியை நிறுவனம் ஏற்றாது. அப்படி நிறுத்தப்பட்டால் கட்டிய பணத்தையும் எதிர்பார்க்க முடியாது.

சிங்கப்பூர் விசா இந்தியர்களுக்கு மின்னணு முறையில் வரும். கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி. முகவரின் கூலி தனி. படிவம் 14ஏ, வெள்ளைப் பின்னணியில் 35க்கு 45 மில்லிமீட்டர் படம், விமானச் சீட்டு, கப்பல் பதிவுத் தாள். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகப் போடலாம். சிங்கப்பூரில் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள உறவினர் இருந்தால் அவரே இணையத்தில் உங்களுக்காக விண்ணப்பிக்கவும் முடியும். பயணத்துக்கு முந்திய 30 நாளுக்குள் போடுவது வழக்கம். ஆறு மாதம் முன்பே போட முடியாது, கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளவும் கூடாது. கப்பல் பதிவுத் தாளை இணைத்தால்தான் எதற்காக இரண்டு முறை நுழைகிறீர்கள் என்பது அதிகாரிக்கு விளங்கும். விசாத் தாள் வந்ததும் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா, கப்பல் திரும்பும் நாள் வரை செல்லுமா, பாஸ்போர்ட் எண் சரியா என்று மூன்றையும் பாருங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதாக இருந்தால் அதை முடித்த பிறகே விசா.

பினாங்கு இருக்கும் மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தருகிறது. அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். புக்கெட் இருக்கும் தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் விலக்கு அறிவித்தது. இவை அரசு நினைத்தால் மாறும் சலுகைகள். பணம் கட்டும் நாளில் ஒரு முறை, கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு முறை அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் பாருங்கள். ‘நாங்கள் அந்தத் துறைமுகத்தில் இறங்க மாட்டோம், கப்பலிலேயே இருந்துகொள்வோம்’ என்பது செல்லாது. பயணிகள் பட்டியல் முழுவதும் ஒவ்வொரு துறைமுக அதிகாரிக்கும் போகிறது. இறங்கினாலும் இறங்காவிட்டாலும் எல்லோருக்கும் ஆவணம் சரியாக இருக்க வேண்டும் என்பார்கள்.

விசாவுக்கு மேல் மூன்று நாட்டுக்கும் இணைய வருகை அட்டை உண்டு: சிங்கப்பூரின் எஸ்.ஜி. அரைவல் கார்டு, மலேசியாவின் எம்.டி.ஏ.சி., 2025 மே 1 முதல் தாய்லாந்தின் டி.டி.ஏ.சி. மூன்றும் அந்தந்த நாட்டில் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டியவை, மூன்றும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளமே அல்ல, மூடிவிடுங்கள். சிங்கப்பூருக்கு இரண்டு அட்டை: விமானத்தில் போகும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. இரண்டாவதைத்தான் பலரும் மறப்பார்கள், அப்போது நடுக்கடலில் இணையத்துக்குக் காசு கட்டி நிரப்ப வேண்டிவரும். பயண வழி என்ற இடத்தில் கடல் என்று தேர்ந்தெடுத்து, கப்பல் பெயரை எழுதுங்கள். எட்டுப் பேருக்கும் ஒருவரே உட்கார்ந்து நிரப்புவது நல்லது, பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் அட்டை பயனற்றது.

அமெரிக்காவிலிருந்து வரும் குடும்பத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே பிறந்த பிள்ளையின் அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு இந்த மூன்று நாட்டிலும் சுற்றுலா விசா வேண்டாம், வருகை அட்டைகள் மட்டும் போதும். ஆனால் அந்தப் பிள்ளை முதலில் காரைக்குடி வந்து, கப்பல் முடிந்து மறுபடி ஊருக்கு வருவதாக இருந்தால் இந்தியாவுக்குள் இரண்டு நுழைவு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் கவலையில்லை, இல்லையென்றால் பலமுறை நுழைவுள்ள ஓராண்டு மின்விசா எடுங்கள். பெற்றோர் இருவரும் இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தால், கையில் கிரீன் கார்டே இருந்தாலும், சிங்கப்பூர் விசா எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை அமெரிக்கா திரும்பும் நாளில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது முடிந்திருந்தால் ஆசியாவிலிருந்து நேராக உள்ளே போக முடியாது.

பேரப் பிள்ளையை ஐயாவும் அப்பத்தாவும் மட்டும் அழைத்துப் போவதாகவோ, பெற்றோரில் ஒருவர் மட்டும் போவதாகவோ திட்டம் மாறினால், வராதவரின் ஒப்புதல் கடிதம் நோட்டரி கையெழுத்தோடு வேண்டும். பயணத் தேதி, கப்பல் பெயர், நாடுகள், அழைத்துப் போபவரின் பாஸ்போர்ட் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். கடிதம் ஆங்கிலத்தில், கூடவே பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பாஸ்போர்ட் நகல். பொதுவாக 6 மாதம் நிறையாத குழந்தையையும், 24 வாரத்தை எட்டும் கர்ப்பிணியையும் கப்பல்களில் ஏற்றுவதில்லை. அதற்கு முந்திய மாதங்களில் மருத்துவரின் சான்று கேட்பார்கள்.

அப்பத்தா பள்ளிக்குப் போகாதவர், வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்று பாஸ்போர்ட்டில் குறிக்கும் ஈ.சி.ஆர். முத்திரை வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 50 வயது தாண்டியவர்களுக்கு அது இல்லை. இளையவர்கள் பாஸ்போர்ட்டில் இருந்தாலும், வேலைக்கு இல்லாமல் சுற்றுலாவுக்குப் போகிறவரை அது தடுக்காது. திரும்பும் சீட்டைக் காட்டினால் போதும். பெரியவர்களுக்கு முக்கியம் காப்பீடு. கப்பலிலிருந்து கரை மருத்துவமனைக்கு இறக்கும் செலவு அடங்கியதா, 80 வயதை ஏற்கிறதா, சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்க்குச் செல்லுமா என்று பாலிசியில் வாசித்த பிறகே பணம் கட்டுங்கள். மாத்திரைகளை அட்டையோடு, மருந்தின் மூலப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் சிங்கப்பூரில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம்.

கப்பல் ஏறும் நாளில் பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர மாலையாகும். பாஸ்போர்ட், விசாத் தாள், இணையப் பதிவில் வந்த போர்டிங் தாள், மாத்திரை எல்லாம் ஒரே கைப்பையில், ஒரே ஆளிடம் இருக்கட்டும். சில கப்பல்களில் ஏறியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில் தருவார்கள். அதற்காக ஒவ்வொருவரின் படப் பக்கத்தையும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று துறைமுகத்தில் இறங்கும்போது கையோடு, இன்னொன்று ஊரில் பொறுப்பான ஒருவரிடம்.