கணக்கு வாத்தியார் பதில்கள்: ராத்திரி ஏசிக்கு 28 ரூபாயா?

கேள்வி: சார், எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 1,725 ரூபாய். "யூனிட்டுக்கு 3.45தான் விழுகிறது. ஏசி ராத்திரிக்கு எட்டு யூனிட் இழுத்தாலும் 28 ரூபாய்தானே?" என்கிறார் வீட்டுக்காரர். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: திருச்சி வெயிலில் ஏசி கேட்டதில் தப்பே இல்லை அம்மா. தப்பு அந்த 3.45-ல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு 2.25 ரூபாய் என்பதால்தான் சராசரி அவ்வளவு குறைவு. ஏசி வந்தால் இன்னொரு 100 யூனிட் இலவசமாகத் தரமாட்டார்கள். மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறும்.

கட்டணம் அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது, ஆனாலும் உங்கள் கணக்கோடு ஒப்பிட வசதியாக நானும் அதே பட்டியலில் போடுகிறேன். எட்டு யூனிட் வீதம் 60 ராத்திரிக்கு 480. மொத்தம் 980 யூனிட். பில் 6,350 ரூபாய். கூடுதல் 4,625, ராத்திரிக்கு 77 ரூபாய். வீட்டுக்காரரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். 77 ரூபாய்க்கு அந்தத் தூக்கம் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஏப்ரல், மே மட்டும் என்றால் நானே வாங்கச் சொல்வேன். மார்கழியில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஏசி ஓட்டுகிறவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. 500 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு அதே 2022 பட்டியலில் 501-வது யூனிட் எவ்வளவு தெரியுமா? 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 2.25 ரூபாய் சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 ஆகிவிடும். அதில் 225, புது யூனிட்டுக்கு 8. ரீடிங் எடுக்க வருவதற்கு முந்தின நாள் மீட்டரைப் பாருங்கள். போன ரீடிங்கைக் கழித்து 499-ல் நின்றால் அன்றைக்கு ஹீட்டர் வேண்டாம், அயர்ன் பாக்ஸை நாளைக்கு எடுக்கலாம். தாண்டிவிட்டதா? சரி, அந்த 225 போனது போனதுதான். அதை நினைத்து இருட்டில் உட்காராதீர்கள். அடுத்த யூனிட் வெறும் 8 ரூபாய்.

அப்புறம், "பில் ஏறியது உன் ஏசியால்" என்று வீட்டில் சண்டை வேண்டாம். எந்த யூனிட்டிலும் பெயர் எழுதியில்லை. 980-ல் இருக்கும்போது ஹீட்டரில் ஒரு யூனிட் குறைத்தாலும் 10 ரூபாய் மிச்சம், ஏசியில் குறைத்தாலும் அதே 10 ரூபாய். சாதாரண ஃபேனுக்குப் பதில் குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டி இரண்டு மாதத்தில் 36 யூனிட் மிச்சம் பிடித்தால், இன்றைய உங்கள் வீட்டில் 216 ரூபாய் குறையும். ஏசி வந்தபின் 360 குறையும். ஏசி வாங்குகிறவர்தான் ஃபேனையும் மாற்ற வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

கேள்வி: 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களான எங்களுக்கு இலவசம். நான் ஒருத்தி ஏறுவதால் எவ்வளவு செலவு? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பகல் 11 மணிக்குப் பாதி காலியாக வரும் பஸ் என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. டீசலும் டிரைவர், கண்டக்டர் சம்பளமும் நீங்கள் ஏறாவிட்டாலும் உண்டு. முன்பு டிக்கெட் எடுத்துப் போனவர் என்றால் அந்தக் காசு மட்டும் வராது. அதை அரசு ஈடுகட்டுகிறது. காலை எட்டரை மணிக்குப் படியில் தொங்கும் பஸ் வேறு விஷயம். கூட்டம் தாங்காமல் இன்னொரு பஸ் விட்டால், அந்த முழுப் பஸ்ஸின் செலவும் எட்டரை மணிக் கூட்டத்தின் கணக்கில்தான் வரும். மார்க்கெட்டுக்குப் போகிறவர் 11 மணி பஸ்ஸைப் பிடித்தால் நல்லது. வேலைக்குப் போகிற பெண்ணிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஒன்பது மணிக்குக் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள்.