சாம்பார் சந்தேகங்கள்

பருப்பு வேகாதது முதல் மறுநாள் ஊசிப்போவது வரை, சாம்பாரைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். வேறு அளவு சொல்லாத இடங்களில் எல்லாம் நான்கு பேருக்கான கணக்கு. டம்ளர் என்றால் 200 மில்லி, ஸ்பூன் என்றால் டீஸ்பூன்.

*தனிக்குடித்தனம் வந்திருக்கிறோம். வீட்டில் சாம்பார் பொடி இல்லை. நிறையக் காய் போட்டு, கெட்டியாக, சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற மாதிரி ஒரு சாம்பார் அளவோடு வேண்டும்.*
— வாசகி, தாம்பரம்

பொடி இல்லாதது நல்லதாகப் போயிற்று. அரைத்துவிட்ட சாம்பாரே வையுங்கள்.

துவரம்பருப்பு முக்கால் டம்ளர், ஏறக்குறைய 130 கிராம். கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டேகால் டம்ளர் தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், அரை ஸ்பூன் நல்லெண்ணெய் சேர்த்து குக்கரில் நான்கைந்து விசில் விடுங்கள். எண்ணெய் வாசனைக்காக மட்டுமல்ல, நுரை பொங்கி விசில் துவாரத்தை அடைக்காமல் இருக்கவும்தான். அதே காரணத்துக்காகப் பருப்பும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. ஆவி அடங்கித் திறந்ததும் சூட்டோடு மத்தால் மசித்துவிடுங்கள்.

சிறிய எலுமிச்சை அளவு புளி, அதாவது 20 கிராம். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மொத்தம் ஒன்றரை டம்ளர் வரும்படி கரைத்து வடிகட்டுங்கள். காய்க்கு ஒரு முருங்கைக்காய், மூன்று கத்தரிக்காய், ஒரு கீற்றுப் பரங்கிக்காய், பதினைந்து சின்ன வெங்காயம், ஒரு தக்காளி.

வறுக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும். முதலில் பட்டாணியில் பாதி அளவு கட்டிப் பெருங்காயம். அது பொரிந்ததும் மூன்று ஸ்பூன் கடலைப்பருப்பு. பருப்பு நிறம் மாறத் தொடங்கும்போது ஆறு ஸ்பூன் தனியாவும் ஆறு மிளகாய் வற்றலும். கால் ஸ்பூன் வெந்தயத்தைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலில் போட்டால் மற்றவை சிவப்பதற்குள் கருகிக் குழம்பு முழுக்கக் கசக்கும். அடுப்பை அணைத்த பிறகு, அந்தச் சூட்டிலேயே ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலைப் புரட்டி, ஆறவிட்டு, தண்ணீர் தெளித்து மையாக அரையுங்கள்.

இரண்டு ஸ்பூன் எண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, முருங்கைக்காயையும் தக்காளியையும் சேர்த்து ஒன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு, மஞ்சள்தூளுடன் ஐந்து நிமிடம். பிறகு கத்தரியும் பரங்கியும் போட்டு இன்னொரு ஐந்து நிமிடம். காய் முக்கால் பதம் வெந்ததும் புளிக்கரைசல். ஏழெட்டு நிமிடம் கொதித்தால் ஓரத்து நுரை அடங்கும், மோந்து பார்த்தால் புளி மூக்கில் ஏறாது. அப்போது அரைத்த விழுது. மூன்று நிமிடம் கழித்துப் பருப்பு. பருப்பு சேர்ந்தபின் நடுத்தரத் தீயில் நான்கு நிமிடம் கொதித்தால் போதும். நெய்யில் கடுகு, கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, மல்லித்தழை தூவி மூடிவையுங்கள்.

இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதுதான் கீழே உள்ள கேள்விகளில் பாதி.

*எட்டு விசில் விட்டாலும் பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது. போர்த் தண்ணீர்தான் பயன்படுத்துகிறோம். குக்கர் கோளாறா?*
— வாசகர், இராமநாதபுரம்

குக்கரைச் சந்தேகப்படும் முன் தண்ணீரைப் பாருங்கள். கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல் சுவரிலுள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் அது இளகாது. ஒரு பிடி பருப்பைக் கேன் தண்ணீரில் தனியாக வேகவைத்துப் பாருங்கள். அதில் குழைந்தால் குற்றவாளி போர்த் தண்ணீர். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டால் போதும், கழுவுவதற்கு போர்த் தண்ணீரே இருக்கட்டும். நல்ல தண்ணீருக்கு வழியில்லையென்றால் முந்தின இரவே கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையை விட்டு மேல்நீரை எடுங்கள். கடினத்தின் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். முழுவதும் போகாது.

கேன் தண்ணீரிலும் வேகவில்லையென்றால் பருப்பு பழசு. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு உள்ளுக்குள் இறுகிப்போகும். வெந்நீரில் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் ஓரளவு வழிக்கு வரும். ஒருவேளை நீங்கள் வாங்குவது எண்ணெய் பூசிய பருப்பாக இருந்தால், தொட்டாலே விரல் பிசுபிசுக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை கழுவிவிட்டு ஊறப்போடுங்கள்.

*பருப்பு சீக்கிரம் வேக ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடலாமா?*
— வாசகி, செங்கல்பட்டு

வேகும். பருப்பிலுள்ள பி1 வைட்டமினும் கணிசமாகப் போகும், சோப்பு மாதிரி ஒரு வாடையும் தங்கும். வேண்டாம்.

*ஒரே சாம்பாரில் பூசணி கரைந்துவிடுகிறது, கேரட் நறுக்கென்று இருக்கிறது. எல்லாக் காயையும் ஒன்றாகத்தான் போடுகிறேன்.*
— வாசகி, நாமக்கல்

ஒன்றாகப் போடுவது ஒரு காரணம். இன்னொன்று, புளித்தண்ணீரிலேயே காயை வேகவைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. புளிப்பு இருக்கும் நீரில் காயின் பெக்டின் கரையாது, அதனால் காய் மெத்தென்று ஆகாது. கேரட், பீன்ஸ், உருளை, கொத்தவரை எல்லாம் புளி சேருமுன்பே முக்கால் பதம் வந்துவிட வேண்டும். புளியில் போட்டபின் அரை மணி நேரம் கொதித்தாலும் கொத்தவரங்காய் முரண்டு பிடிக்கும்.

இதையே சாதகமாக்கிக்கொள்ளவும் செய்யலாம். பூசணியும் பரங்கியும் சீக்கிரம் கரைகிற காய்கள். அவற்றைப் பெரிய துண்டாக, தோலோடு நறுக்கி, புளி ஊற்றுவதற்கு நான்கைந்து நிமிடம் முன்னால் போட்டால் வடிவம் கெடாது. வெண்டைக்காய்க்குத் தனி முறை. கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்து, இரண்டங்குலத் துண்டாக நறுக்கி, எண்ணெயில் நூல் இழுப்பது நிற்கும் வரை வதக்கி, நேராகக் கொதிக்கும் புளியில் போட வேண்டும். வெறும் தண்ணீரில் வேகவிட்டால் கொழகொழப்பு சாம்பார் முழுக்கப் பரவும். முள்ளங்கியையும் எண்ணெயில் நான்கு நிமிடம் வதக்கிவிட்டால் அந்த நெடி பாதியாகும். கத்தரிக்காயை நறுக்கியதும் தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. முருங்கைக்காய் புளி சேருமுன் பத்து நிமிடம் தாண்டி வெந்தால் நார் நாராகப் பிரியும், சாப்பிடும்போது தொல்லை.

எந்தக் காயானாலும் ஒரு சாம்பாரில் மூன்று வகைக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கதம்பம் வேண்டுமென்றால் அதற்குத் திருவாதிரைக் குழம்பு இருக்கிறது.

*வைத்த அரை மணி நேரத்தில் பருப்பு அடியிலும் தண்ணீர் மேலேயும் பிரிந்து நிற்கிறது.*
— வாசகர், காரைக்கால்

பருப்பு மசியவில்லை, அவ்வளவுதான். ஆறிய பருப்பை மசித்தால் திரிதிரியாக நிற்கும். சூட்டோடு மசிக்க வேண்டும். ஆறிவிட்டால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. இப்போதைக்கு அவசரத்துக்கு, ஒரு ஸ்பூன் அரிசிமாவைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றி இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடலைமாவும் சேர்ந்துகொள்ளும், ஆனால் பஜ்ஜி மாவு வாசனை வரும்.

நேரெதிராக, சாம்பார் ஆற ஆற இறுகவும் செய்யும். அதனால் சாப்பிடும் பதத்தைவிடச் சற்று நீர்க்க இருக்கும்போதே இறக்கிவிடுவது சரி. இறுகியதைத் தளர்த்த வெந்நீர்தான் ஊற்ற வேண்டும். கல்சட்டியில் வைப்பவர்கள் இன்னும் இரண்டு நிமிடம் முன்னதாகவே அடுப்பை அணைக்கலாம், இறக்கிய பிறகும் கல் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கும்.

*உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் எடுத்துவிடும் என்கிறார்களே? புளி தூக்கினால் என்ன செய்வது?*
— வாசகி, விருதுநகர்

உருளைக்கிழங்கு குழம்பை உப்போடு சேர்த்துத்தான் உறிஞ்சும். மிச்சமிருக்கும் குழம்பின் உப்பு குறையாது. அரை டம்ளர் உப்பில்லாத வெந்த பருப்பும் கொஞ்சம் வெந்நீரும் சேர்ப்பதே வழி. புளி தூக்கினாலும் அதே பருப்பு, கூடவே நெல்லிக்காய் அளவு வெல்லம்.

அடிக்கடி புளி தூக்கினால் புளியை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி வெளிர் நிறம், பழம்புளி கறுப்பு. பழம்புளியில் பூச்சி வராமல் இருக்க உப்புப் போட்டுத்தான் அடைத்திருப்பார்கள், அதனால் அது கூடினால் உப்பும் கூடும்.

*பொடியை மொத்தமாக அரைத்து வைக்க அளவு சொல்லுங்கள். எங்கள் பொடி ஒரே மாதத்தில் கட்டி தட்டிவிடுகிறது.*
— வாசகி, கும்பகோணம்

தனியா கால் கிலோ, மிளகாய் வற்றல் 150 கிராம், துவரம்பருப்பு 75, கடலைப்பருப்பு 50, மிளகு 25, சீரகம் 25, வெந்தயம் 15, விரலி மஞ்சள் 25. நிறம் வேண்டுமென்றால் மிளகாயில் பாதி காஷ்மீரி அல்லது பேடகி மிளகாயாக இருக்கட்டும், காரம் குறையும். நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்து, பருப்புகளையும் வெந்தயத்தையும் மட்டும் லேசாக வெறும் வாணலியில் வறுத்து மில்லில் கொடுங்கள்.

கட்டி தட்டக் காரணம் பெரும்பாலும் மில்லிலிருந்து வந்த சூட்டோடு டப்பாவில் அடைப்பது. மூடிக்கு அடியில் வியர்த்து, அந்த ஈரம் பொடியில் இறங்கிவிடும். செய்தித்தாளில் வேண்டாம், சுத்தமான துணியில் பரப்பி முழுவதும் ஆறவிட்டு அடையுங்கள். கொதிக்கிற சட்டிக்கு மேலே டப்பாவைச் சாய்த்துப் பொடி தட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

முதல் கேள்வியில் சொன்ன சாம்பார் அளவுக்கு, அரைத்த விழுதுக்குப் பதில் மூன்று ஸ்பூன் பொடி. அதைப் புளியோடு போட வேண்டும். பருப்புக்குப் பிறகு போட்டால் பொடியின் பச்சை வாசனை போகாது.

*ஹோட்டலில் இட்லிக்குக் கொடுக்கும் சாம்பார் வீட்டில் வருவதில்லை.*
— வாசகர், ஓசூர்

துவரம்பருப்பை மட்டும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறோம். பாதிக்குப் பாதி பாசிப்பருப்பு சேருங்கள். புளி பாதியாகட்டும், அந்த இடத்தைத் தக்காளி இரண்டு பிடிக்கட்டும். பரங்கிக்காயைப் பருப்போடு குக்கரிலேயே போட்டு மசித்துவிடுங்கள், அந்த லேசான இனிப்பும் வழவழப்பும் அதிலிருந்துதான். அரை ஸ்பூன் வெல்லம். சோற்று சாம்பாரைவிட நன்றாக நீர்க்க இருக்க வேண்டும், இட்லி குடிக்கிற அளவுக்கு.

*இங்கே நல்ல துவரம்பருப்பு எப்போதும் கிடைப்பதில்லை. மைசூர் பருப்பில் செய்யலாமா? புளி பேஸ்ட், உறைந்த முருங்கைக்காய்தான் கைவசம்.*
— வாசகி, ஃபிராங்க்ஃபர்ட்

தாராளமாக. மைசூர் பருப்புக்குக் குக்கரே வேண்டாம், திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். சுவை மண்வாசனை கூடியதாக இருக்கும், அதற்குப் பெருங்காயத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். புளி பேஸ்ட் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு புளிப்பு. ஒரு ஸ்பூனில் தொடங்கி ருசி பார்த்து ஏற்றுங்கள். உறைந்த முருங்கைக்காய் பெரும்பாலும் அரைவேக்காடு பார்த்தே வரும். புளி கொதித்தபின் போடுங்கள். வீட்டில் கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் பெருங்காயத்தூள் டப்பாவின் லேபிளைப் படியுங்கள், பல தூள்களில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

*வீட்டு விசேஷத்துக்கு ஐம்பது பேர். ரசம், மோர், பாயசம் உண்டு. சாம்பார் எவ்வளவு?*
— வாசகர், மன்னார்குடி

பருப்பு ஒன்றரை கிலோ, காய் மூன்றரை கிலோ, சின்ன வெங்காயம் முக்கால் கிலோ, புளி 225 கிராம்.  தண்ணீரை மட்டும் கணக்குப்படி பெருக்காதீர்கள். சின்னச் சட்டியில் ஆவியாகிப் போகிற அளவுக்குப் பெரிய குண்டானில் போகாது, அப்படியே நீர்த்து நிற்கும். முதலில் முக்கால் பங்கு ஊற்றுங்கள். உப்பும் காரமும் அதே மாதிரி முக்கால் பங்கில் தொடங்கட்டும். பருப்பு சேர்ந்தபின் அடிபிடிக்கும், துடுப்பு குண்டானின் அடியைத் தொட்டுக் கிளற ஒரு ஆள் நிற்க வேண்டும். அலுமினியக் குண்டான் என்றால் புளி ஏறிய சாம்பாரை அதிலேயே வைத்திருக்காமல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

*காலையில் வைத்த சாம்பார் இரவுக்குள் ஊசிப்போகிறது. மூன்று முறை சுடவைக்கிறேன், அப்படியும்.*
— வாசகி, வேலூர்

மூன்று முறை சுடவைப்பதுதான் சிக்கல். ஒவ்வொரு முறையும் சாம்பார் மெதுவாக ஆறும் நேரம் முழுக்கக் கிருமிகள் பெருகும். தேங்காய் அரைத்ததும் பாசிப்பருப்பு சேர்த்ததும் இன்னும் விரைவாகக் கெடும். வைத்தவுடன் இரவுக்கான பங்கைத் தனியே, அகலமான பாத்திரத்தில் எடுத்து, அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். சோற்றில் பட்ட கரண்டி அதில் படக் கூடாது. வேண்டியதை மட்டும் எடுத்து, ஓரத்தில் சூடானால் போதாது, நடுவிலும் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். நுரைத்திருந்தாலோ கொழகொழத்திருந்தாலோ கொதிக்கவைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். அடுத்த நாளும் வேண்டும் என்று தெரிந்தால் அன்றைக்குத் தேங்காய் அரைக்காமல் பொடி போட்டே வைத்துவிடலாம்.