பொருத்தனையும் புள்ளியியலும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் குறைமாதத்தில் பிறந்து உயிருக்குப் போராடியபோது, பிழைத்தால் அவனை முழுநேர ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை செய்திருக்கிறீர்கள். இப்போது பள்ளிப்படிப்பை முடிக்கப் போகிறவன், புள்ளியியல் படிக்க வேண்டும் என்கிறான். வேதாகமக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கி வைத்துவிட்டீர்கள், ஆனால் அவனிடம் காட்டத் துணிவு வரவில்லை. எண்களை வைத்துக்கொண்டு இவன் தேவனுக்கு என்ன செய்துவிடப் போகிறான், அவன்மேல் தேவன் வைத்திருக்கிற நோக்கம் என்னால் கெட்டுப்போகுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் போதகர் அல்ல. பிள்ளைகளோடு படிப்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பேசுவது என் தொழில். ஆனால் நானும் விசுவாசி என்பதால், உங்கள் கேள்வியை வேதத்தை மூடி வைத்துவிட்டுப் பேச முடியாது.

பொருத்தனையிலிருந்து தொடங்குவோம், முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அன்னாளைப் போல நானும் செய்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கதையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். அன்னாள் நேர்ந்துகொண்டாள், பிள்ளை சாமுவேல் பால் மறந்தபின் சீலோவில் இருந்த ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள். அவள் பங்கு அதோடு முடிந்தது. ஆலயத்துக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்த சாமுவேல் அதுவரை கர்த்தரை அறியாதிருந்தான் என்று 1 சாமுவேல் 3ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறது. கர்த்தர் பிறகுதான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவனோ ஆசாரியரான ஏலிதான் கூப்பிடுகிறார் என்று மூன்று தரம் எழுந்து ஓடுகிறான். ஏலி தன் குடும்பத்தில் பல தவறுகள் செய்தவர். ஆனால் இந்த இடத்தில் சரியாகச் செய்தார்: மறுபடியும் சத்தம் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, பிள்ளையை அவன் இடத்துக்கே திருப்பி அனுப்பினார். அவனுக்குப் பதிலாக அவர் போய் நிற்கவில்லை.

அதே சாமுவேல் வயதானபின் தன் இரண்டு குமாரரையும் தானே நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள் என்கிறது 8ஆம் அதிகாரம். பிள்ளைகளை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பது பற்றிப் பேசும்போது அன்னாளை எல்லோரும் எடுக்கிறோம், இந்த அதிகாரத்தை மட்டும் ஏனோ யாரும் எடுப்பதில்லை.

லேவியராகமம் 27ஐயும் ஒருமுறை பாருங்கள். ஒரு மனிதரைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டவர், அந்த ஆளுக்குரிய மதிப்பைப் பரிசுத்த ஸ்தலத்துக்குச் செலுத்திப் பொருத்தனையை நிறைவேற்ற அங்கே வழி இருக்கிறது. 5 வயது முதல் 20 வயதுவரை உள்ள ஆண்பிள்ளைக்கு 20 சேக்கல் என்று தொகையே குறிப்பிட்டிருக்கிறது. பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் இன்னொருவருடைய வாழ்க்கையை வைத்துப் பொருத்தனை செய்வது எவ்வளவு சிக்கலானது என்று தேவனுக்குத் தெரியும், அதற்கு அவர் இடம் கொடுத்திருக்கிறார். பொருத்தனை உங்களுடையது. உங்கள் பங்கை எப்படி நிறைவேற்றுவது என்று உங்கள் போதகரோடு உட்கார்ந்து பேசுங்கள். அழைப்பு அவனுக்கு வர வேண்டியது.

அடுத்து, எண்களை வைத்து என்ன செய்வான் என்ற கேள்வி. போதகரும் மிஷனரியும் தேவனுடைய வேலையைச் செய்கிறார்கள், மற்றவர்கள் சம்பாதித்துக் காணிக்கை போடுகிறார்கள் என்ற நினைப்பு நம் சபைகளில் வேரோடிப் போயிருக்கிறது. ஆவிக்குரிய வகுப்பு, உலக வகுப்பு என்ற இந்தப் பிரிவினையை மார்ட்டின் லூத்தர் 1520இலேயே எழுத்தில் மறுத்தார். அவருக்கு வெகு முன்னால், யாத்திராகமம் 31இல், தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் பெசலெயேலைப் பற்றிச் சொல்கிறார். அவன் ஆசாரியன் அல்ல. பொன், வெள்ளி, மரம், கல் ஆகியவற்றில் வேலை செய்கிற கைவினைஞன். யோசேப்பு எகிப்தில் என்ன செய்தார்? பிரசங்கமா செய்தார்? விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழு வருஷம் சேர்த்து வைக்கத் திட்டம் போட்டார். கடைசியில் தானியம் அளவுக்கு அடங்காமல் போய் அளப்பதையே நிறுத்திவிட்டார்களாம். பஞ்சத்தில் ஜனங்களையும் தன் சொந்தக் குடும்பத்தையும் அந்தக் கணக்குதான் காப்பாற்றியது.

உங்கள் மகன் எடுத்த பாடத்துக்கே நேராகப் பொருந்தும் ஒருவரைச் சொல்கிறேன். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் கையில் விளக்கோடு நிற்கும் நர்ஸ்தான் நமக்கு நினைவுக்கு வருவார். 1837 பிப்ரவரி 7ஆம் தேதி, தேவன் தன்னோடு பேசித் தம்முடைய பணிக்கு அழைத்தார் என்று அவர் குறித்து வைத்தார். அப்போது அவருக்கு வயது 16. கவனியுங்கள், என்ன பணி என்பது அந்த அழைப்பில் இல்லை. நர்ஸ் வேலைதான் என்று அவருக்குத் தெளிவாகவே பல வருஷம் பிடித்தது. தெளிவான பிறகும் வீட்டார் விடவில்லை. வசதியான குடும்பத்துப் பெண் மருத்துவமனையில் வேலை செய்வதா என்று எதிர்த்தார்கள். 1851இல்தான், ஜெர்மனியில் ஒரு லூத்தரன் போதகர் நடத்திய நிறுவனத்தில் சில மாதம் பயிற்சி எடுக்க முடிந்தது. 1854இல் கிரிமியப் போரில் காயப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கவனிக்கப் போனார். அங்கே காயத்தால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்த சிப்பாய்களே மிக அதிகம் என்பதை ஊர் திரும்பியபின் எண்களாலும் வரைபடங்களாலும் காட்டி, ராணுவ மருத்துவமனைகளில் சுகாதாரச் சீர்திருத்தத்துக்காகப் போராடினார். லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண்ணும் அவர்தான். அவருடைய இறையியல் கருத்துகள் எல்லாம் உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது, அது வேறு விஷயம். 16 வயதில் கேட்ட அழைப்புக்கு உருவம் கிடைக்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. நாம் என்னடா என்றால், 17 வயதுப் பையனிடம் விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் முழு வாழ்க்கைத் திட்டத்தையும் கேட்கிறோம்.

உங்களுக்குச் சிரிப்பு வரும் ஒரு செய்தியும் இருக்கிறது. புள்ளியியலில் உங்கள் மகன் படிக்கப்போகும் முக்கியமான தேற்றங்களில் ஒன்று தாமஸ் பேய்ஸ் என்பவருடையது. அவர் பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகர். அவர் இறந்தபின் அந்தத் தேற்றம் உள்ள கட்டுரையைத் தேடி எடுத்து 1763இல் வெளிவரச் செய்த ரிச்சர்ட் பிரைஸும் போதகர்தான். நேர் எதிராக வந்தவர் வானவியலாளர் கெப்ளர். போதகராக வேண்டும் என்று டியூபிங்கனில் இறையியல் படித்துக்கொண்டிருந்தவரை, 1594இல் கிராட்ஸ் நகரத்துப் பள்ளிக்குக் கணித ஆசிரியராக அனுப்பிவிட்டார்கள். வெகுநாள் மனம் அமைதியில்லாமல் இருந்தேன், இப்போது வானவியலிலும் தேவன் மகிமைப்படுவதைப் பார்க்கிறேன் என்று மறுவருஷமே தன் ஆசிரியருக்கு எழுதினார்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். தேவ நோக்கம் என்பது எங்கோ மறைத்து வைத்த ஒரே ஒரு கதவு, தவறான கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அது என்றைக்குமாக மூடிக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள். பெற்றோர் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீங்கள் வாக்குத்தத்தமாகப் பிடித்திருக்கிற எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று கெடு சொல்லப்படுகிறது. அதுவரை என்ன செய்ய வேண்டும்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். விருப்பமில்லாமல் போய்ச் சேர்ந்த ஊரில், சாதாரண வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. எபேசியர் 2:10இலும், நற்கிரியைகளை முன்னதாக ஆயத்தம்பண்ணியவர் தேவன் என்றுதான் இருக்கிறது. நாம் அவைகளில் நடக்க வேண்டும். ஆயத்தம்பண்ணுகிற பொறுப்பை உங்கள் தலையில் ஏன் ஏற்றிக்கொள்கிறீர்கள்?

ஜெபக்கூட்டத்தில் ஒருவர் இவன் பெரிய சுவிசேஷகனாவான் என்று தீர்க்கதரிசனம் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். அற்பமாக எண்ண வேண்டாம், ஆனால் சோதித்துப் பாருங்கள். 1 தெசலோனிக்கேயர் 5இல் இந்த இரண்டும் அடுத்தடுத்தே சொல்லப்பட்டிருக்கின்றன. அவன் மனதில் அது எதையும் எழுப்பவில்லையென்றால், எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். சீட்டுப் போட்டுப் பார்ப்பது, வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பது இதெல்லாம் வேண்டாம். கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டுத் தேவனிடம் அடையாளம் கேட்டது தேவ சித்தம் தெரியாததால் அல்ல, ஏற்கெனவே சொல்லப்பட்டதை நம்ப முடியாததால்தான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். அவனுக்கு எது தாலந்து என்பதை நீங்களோ நானோ ஊகிக்கத் தேவையில்லை, அவன் நாட்களைப் பார்த்தாலே தெரியும். யாரும் சொல்லாமல் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான்? மற்ற பிள்ளைகள் எந்த உதவிக்கு அவனைத் தேடி வருகிறார்கள்? எந்தக் கஷ்டத்தைப் பார்த்தால் அவனால் சும்மா இருக்க முடிவதில்லை? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். சபையில் அவனை நன்றாக அறிந்த மூப்பர் ஒருவரிடமும், கணித ஆசிரியரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே திசையைக் காட்டினால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். விடுமுறையில் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை அவன் பொறுப்பில் விடுங்கள். புள்ளியியல் வேலையில் இருக்கும் விசுவாசி யாரையாவது அவன் சந்திக்கட்டும், அந்த வேலையில் அலுப்பூட்டுவது எது என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

புள்ளியியல் படித்தவர்களுக்குப் பொதுச் சுகாதாரம், மருந்து ஆய்வு, வேளாண் ஆராய்ச்சி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, காப்பீடு, வங்கி என்று பல இடங்களில் வேலை இருக்கிறது. சூதாட்ட நிறுவனங்களும் இவர்களைத் தேடுகின்றன, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நல்ல இடத்திலேயே மேலதிகாரி ஒருநாள் வந்து, இந்த எண்ணைக் கொஞ்சம் மாற்றிக் காட்டு என்பார். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்கிற நீதிமொழிகள் 11:1 அன்றைக்கு அவன் மேஜைமேல் வந்து நிற்கும். தேவ நோக்கத்தில் வாழ்கிறானா என்பது தெரிவது அந்த மாதிரி நாளில்தான், கல்லூரியில் சேரும் நாளில் அல்ல. அந்த நாளுக்கு இப்போதே அவனைப் பழக்குங்கள்.

ஊழியத்துக்கான வழி இதனால் அடைபடுமா என்றால், அடைபடாது. எம்.டிவ். (இறையியல் முதுநிலைப் பட்டம்) போன்ற போதகப் படிப்புகள் பெரும்பாலும் ஒரு பட்டம் முடித்தவர்களுக்கானவை, பொதுவாக மூன்று வருஷம். இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் அழைப்பு உறுதியானால் அப்போது போகலாம். பட்டம் வீணாகாது, பவுல் கூடாரத் தொழிலை விட்டுவிடவில்லை. ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: பெரிய கடன் வாங்கிப் படிக்க வைக்காதீர்கள். தவணை கட்டவேண்டியவன், சம்பளம் குறைந்த ஆனால் தேவையுள்ள இடத்துக்குப் போக நினைத்தாலும் போக முடியாது. முழுநேர ஊழியமும் அவனுக்கு அப்போது எட்டாமல் போகும்.

பொருத்தனையை அவனிடம் மறைக்க வேண்டாம். மற்றவர்கள் மூலம் தெரிய வந்தால் பாரமாகிவிடும். நீ பிறந்தபோது நான் இப்படி ஜெபித்தேன், தேவன் உன்னைக் கொடுத்தார், அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன் என்று ஆரம்பியுங்கள். உன்னை அவர் எங்கே கூப்பிட்டாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றும் சொல்லுங்கள். அன்றைக்கே பதில் கேட்காதீர்கள், அழாதீர்கள். அழுதால் அவன் உங்களுக்காகச் சம்மதிப்பான். வாங்கி வைத்த விண்ணப்பத்தையும் அவனிடமே கொடுத்துவிடுங்கள், ஒளித்து வைக்க அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த கடிதத்தை அவனே எழுதட்டும். கடந்த இரண்டு வருஷக் கணித மதிப்பெண்களையும், நான் கேட்ட மூன்று கேள்விகளுக்கு அவனுடைய பதிலையும் அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி, எந்தத் துணைப்பாடம் என்பதை அவனோடு பேசிக்கொள்கிறேன்.